விலகுவதென்றால் எந்த வாசல் வழியாக?

2019 மார்ச் 27 அன்று இரவு, பிரிட்டன் மக்களவை உறுப்பினர்கள் ஒவ்வொருவர் கையிலும் தாள் கொடுக்கப்பட்டது. அதில் எட்டு யோசனைகள் இருந்தன. ஒப்பந்தமே இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போய்விடலாமா, சுங்க ஒன்றியத்தில் மட்டும் தங்கலாமா, நார்வே போல ஒற்றைச் சந்தைக்குள் இருக்கலாமா, மக்களிடமே மறுபடி கேட்கலாமா என்று நீண்டது பட்டியல். எண்ணிப் பார்த்தபோது எட்டும் தோற்றிருந்தன. ஏப்ரல் 1 அன்று நான்காகக் குறைத்துக் கேட்டார்கள். அவையும் தோற்றன. சுங்க ஒன்றிய யோசனைக்கு ஆதரவாக 273, எதிராக 276. மூன்றே வாக்குகளில் அதுவும் விழுந்தது.

இத்தனைக்கும் மக்கள் தீர்ப்பளித்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் 'விலகு' என்றார்கள், 48.1 சதவீதம் பேர் 'இரு' என்றார்கள். வாக்குச் சீட்டில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. 'இரு' என்ற கட்டத்துக்குப் பின்னால் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிலைமை இருந்தது. 'விலகு' என்ற கட்டத்துக்குப் பின்னால் குறைந்தது ஐந்து வாசல்கள் இருந்தன. எந்த வாசல் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாடு இப்படிப்பட்ட ஒன்றியத்தில் தொடரலாமா என்று யோசிக்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்: இருப்பதை 'விலகுவதோடு' ஒப்பிடவே முடியாது. இருப்பதை ஒவ்வொரு வாசலோடும் தனித்தனியாகத்தான் ஒப்பிட வேண்டும்.

அதற்கு மூன்று சொற்கள் தெளிவாக வேண்டும். ஒரு லாரியை வைத்துச் சொல்கிறேன். இரண்டு நாடுகளுக்கு இடையே தடையற்ற வணிக ஒப்பந்தம் இருந்தால், அந்த நாடுகளில் செய்த சரக்குக்கு எல்லையில் வரி இருக்காது. ஆனால் 'இது உண்மையிலேயே உங்கள் நாட்டில் செய்ததுதானா, வேறெங்கோ செய்து உங்கள் வழியாக வருகிறதா' என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். சுங்க ஒன்றியம் என்றால் வெளியுலகுக்கு எதிராக எல்லோரும் ஒரே வரியைப் போடுகிறார்கள். எனவே அந்தப் பூர்விகச் சான்று தேவையில்லை. ஆனால் வெளிநாடுகளோடு தனியாக வரி ஒப்பந்தம் பேசும் உரிமையும் கிடையாது. ஒற்றைச் சந்தை என்றால் பொருளின் தரம், உணவுப் பாதுகாப்பு, வங்கி உரிமம், தொழில் செய்யும் உரிமை என எல்லாவற்றுக்கும் ஒரே விதி. ஒரு நாட்டில் செல்லும் பொருள் எல்லா நாட்டிலும் செல்லும். மூன்றும் சேர்ந்தால்தான் லாரி நிற்காமல் போகும். ஒன்று குறைந்தாலும் எங்காவது ஓரிடத்தில் நிற்கும்.

நார்வேயின் வாசல்தான் வெளியே இருந்து பார்க்க மிக அழகானது. 1972-லும் 1994-லும் அந்நாட்டு மக்கள் வாக்கெடுப்பில் ஒன்றியத்தில் சேர மறுத்தார்கள். இரண்டாவது முறை 52.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கடலும் மீனும் அவர்களுக்கு உயிர். விவசாயம் பனிக்காட்டின் ஓரத்தில் மானியத்தால் நிற்பது. இரண்டையும் ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸ் கையில் கொடுக்க மனம் வரவில்லை. ஆனாலும் 1994 முதல் ஐரோப்பியப் பொருளாதார வெளி என்ற ஏற்பாட்டில் உறுப்பினராக இருந்து ஒற்றைச் சந்தையில் முழுதாகப் பங்கெடுக்கிறார்கள். மீனும் வயலும் பெரும்பாலும் தங்கள் கையில், சந்தையும் தங்களுக்கு. கேட்கவே நன்றாக இருக்கிறது.

விலை என்ன? சந்தை விதிகள் மாறும்போதெல்லாம் நார்வேயும் மாற்ற வேண்டும். அந்த விதியை எழுதும் மேசையில் அதற்கு நாற்காலி இல்லை. நார்வேக்காரர்களே இதை 'ஃபேக்ஸ் ஜனநாயகம்' என்பார்கள்: சட்டம் பிரஸ்ஸல்ஸில் தயாராகி ஃபேக்ஸில் வந்து சேரும். காகிதத்தில் மறுக்கும் உரிமை உண்டு. 2011-ல் அஞ்சல் சேவை தொடர்பான ஒரு விதியை ஏற்க மாட்டோம் என்று அன்றைய ஆளும் கட்சியின் மாநாடு முடிவெடுத்தது. இரண்டு ஆண்டுகளில் ஆட்சி மாறியது, அந்த எதிர்ப்பும் போயிற்று. மறுத்தால் சந்தையின் அந்தப் பகுதியே மூடப்படலாம் என்ற பயம் இருக்கும்போது, மறுக்கும் உரிமையை யார் துணிந்து பயன்படுத்துவார்கள்? இதற்கு மேல், ஒன்றியத்தின் வறிய உறுப்பு நாடுகளுக்குப் பணமும் கொடுக்கிறார்கள். மற்ற நாட்டவர் வந்து வேலை செய்யும் உரிமையையும் ஏற்கிறார்கள். சுங்க ஒன்றியத்தில் இல்லாததால் ஸ்வீடன் எல்லையில் ஸ்வினெசுண்ட் பாலத்தருகே லாரிகள் சுங்கத்துக்கு நிற்கவும் செய்கின்றன.

ஆக, இறையாண்மைக்காக விலக நினைக்கும் நாட்டுக்கு நார்வே வாசல் பொருந்தவே பொருந்தாது. அங்கே போனால் கீழ்ப்படியும் கடமை அப்படியே இருக்கும், எழுதும் உரிமை மட்டும் போய்விடும். ஏற்கெனவே உள்ளே இருந்து வாக்களித்த பெரிய நாடு ஒன்று இதற்கு இறங்கி வருவது, வீட்டை விற்றுவிட்டு அதே வீட்டில் வாடகைக்கு இருப்பது போன்றது. மீனுக்காகவும் நிலத்துக்காகவும் மட்டும் கவலைப்படும் சிறிய நாட்டுக்கு இது நல்ல வழிதான். நார்வே தனக்கு வேண்டியதைச் சரியாகத் தெரிந்துதான் எடுத்தது என்பேன்.

சுவிட்சர்லாந்தின் வழி துண்டு துண்டாகத் தைத்த சட்டை. 1992 டிசம்பரில் பொருளாதார வெளியில் சேர மறுத்தார்கள், 50.3 சதவீதம் எதிர்ப்பு. பிறகு ஒவ்வொரு துறைக்கும் தனி ஒப்பந்தம் போட்டுப் போட்டு, நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன. 1999-ல் கையெழுத்தான முக்கியத் தொகுப்பில் ஒரு கண்ணி உண்டு: அதில் ஒன்றை முறித்தால் மற்றவையும் முறியும். 2014 பிப்ரவரியில் குடியேற்றத்துக்கு வரம்பு வேண்டும் என்று மக்கள் வாக்களித்தபோது இந்தக் கண்ணி இறுகியது. ஆராய்ச்சி நிதித் திட்டத்திலும் மாணவர் பரிமாற்றத் திட்டத்திலும் உடனே சிக்கல் வந்தது. 2016-ல் நாடாளுமன்றம் அந்த வரம்பை நீர்த்துப்போகச் செய்து சட்டம் இயற்றியது. இத்தனை பொறுமையும், வாக்கெடுப்புப் பழக்கமும், ஐரோப்பாவின் நடுவில் இருக்கும் பூகோளமும் எல்லா நாட்டுக்கும் வாய்க்காது. ஒன்றியமும் இன்னொரு சுவிட்சர்லாந்தை உருவாக்க விரும்பவில்லை.

துருக்கியின் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995 கடைசி நாளிலிருந்து பெரும்பாலும் தொழிற்சாலைப் பொருள்களுக்குச் சுங்க ஒன்றியம். கார் உதிரி பாகமும் துணியும் வரியின்றிப் போகின்றன. ஆனால் ஒன்றியம் வேறொரு நாட்டோடு வரி ஒப்பந்தம் போட்டால், அந்த நாட்டுச் சரக்குக்குத் துருக்கியும் கதவைத் திறக்க வேண்டியதாகிறது. அந்த நாடு துருக்கிச் சரக்குக்குத் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தன் வணிகக் கொள்கையைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்பதற்காக விலகும் எவருக்கும் இது நேர் எதிரான வாசல்.

கனடா ஒன்றியத்தோடு வைத்திருப்பது போன்ற வாசலுக்குத்தான் கடைசியில் பிரிட்டன் போனது: வரியில்லாத வணிக ஒப்பந்தம், அதற்கு மேல் அதிகம் இல்லை. 2020 டிசம்பர் 24 அன்று, விலகிய பின்னும் பழைய விதிகளே தொடர்ந்த இடைக்காலம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பேச்சு முடிந்தது. வரி இல்லை என்பதால் எல்லாம் முன்போல நடக்கும் என்று பலர் நம்பினார்கள். ஜனவரியில்தான் எல்லை என்றால் என்னவென்று தெரிந்தது. பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய லாரி டிரைவர்களின் கையிலிருந்த ஹாம் சாண்ட்விச்சை நெதர்லாந்து சுங்க அதிகாரிகள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதிகாரிகள் கொடுமைக்காரர்கள் என்பதால் அப்படி நடக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து இறைச்சியைத் தனிநபர் கொண்டுவரக் கூடாது என்பது ஒன்றியத்தின் பழைய விதி, பிரிட்டன் இப்போது வெளிநாடு.

இதைவிட என்னை உறுத்தியது சிப்பிகளின் கதை. மஸ்ஸல், ஆய்ஸ்டர் போன்ற சிப்பிகள் வளரும் கடற்பகுதிகளைத் தண்ணீரின் தூய்மையை வைத்து வகைப்படுத்துவார்கள். இரண்டாம் தரத் தண்ணீரில் எடுத்த சிப்பியைச் சுத்தமான தொட்டியில் சில காலம் வைத்துச் சுத்திகரித்த பிறகே விற்கலாம். வேல்ஸிலும் இங்கிலாந்தின் தென்மேற்கிலும் எடுத்த சிப்பிகளை உயிரோடு அப்படியே ஐரோப்பாவுக்கு அனுப்பி, அங்கே சுத்திகரிப்பதுதான் வழக்கம். ஒன்றியத்துக்கு வெளியே இருக்கும் நாட்டிலிருந்து சுத்திகரிக்காத சிப்பி வரக் கூடாது. எனவே 2021 ஜனவரி முதல் அந்த வணிகம் நின்றது. தண்ணீர் மாறவில்லை, சிப்பி மாறவில்லை, வாங்குபவரும் அதே ஆள். மாறியது நாட்டின் தகுதி மட்டும். விலகலின் செலவு தேசியக் கணக்கில் சிறு சதவீதமாகத் தெரியும். இப்படிப்பட்ட ஒரு கடற்கரையில் அது பிழைப்பு முழுவதுமாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் சராசரியோடு நின்றுவிடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

நில எல்லை இருந்தால் சிக்கல் பல மடங்கு. அயர்லாந்துத் தீவில், ஒன்றியத்தில் உள்ள அயர்லாந்துக் குடியரசுக்கும் பிரிட்டனின் பகுதியான வட அயர்லாந்துக்கும் நடுவே, ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லை வயல்களையும் வீடுகளையும் பிளந்துகொண்டு போகிறது. வட அயர்லாந்தின் நீண்ட வன்முறையை முடித்த 1998 ஏப்ரல் 10-ன் புனித வெள்ளி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே காவல் கோபுரங்கள் இறங்கின. இரண்டு பக்கமும் ஒரே சந்தையில் இருந்ததால் சுங்கச் சாவடியும் தேவைப்படவில்லை. விலகிய பிறகு சோதனை எங்காவது நடந்தே ஆக வேண்டும். தீவின் குறுக்கே நடத்தினால் அமைதிக்கு ஆபத்து. எனவே வட அயர்லாந்துக்கும் மீதி பிரிட்டனுக்கும் நடுவிலுள்ள கடலில் நடத்தினார்கள். ஒரே நாட்டுக்குள் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு உணவுப் பொருள் போகச் சான்றிதழ் தேவைப்பட்டது. 2023 பிப்ரவரியில் பிரிட்டனும் ஒன்றியமும் பேசி முடித்த வின்ட்ஸர் ஏற்பாடு வந்து ஓரளவு தளர்த்தியது. வட அயர்லாந்தில் 55.8 சதவீதம் பேரும் ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேரும் இருக்கவே வாக்களித்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வெளி ஒன்றியத்தை விட்டு வரும் நாடு, தன் உள் ஒன்றியத்தின் தையலையும் சோதித்துவிடுகிறது.

எந்த ஒப்பந்தமும் இல்லாமல் உலக வர்த்தக அமைப்பின் பொது விதிகளில் மட்டும் நிற்பது கடைசி வாசல். காருக்கு ஐரோப்பா 10 சதவீதம் வரி போடும். உணவுப் பொருள் பலவற்றுக்கு இன்னும் கூடுதல். அருகில் இருக்கும் மிகப் பெரிய சந்தையோடு தொலைவில் இருக்கும் நாடுபோல நடந்துகொள்ளும் இந்த வழியில், பேச்சுவார்த்தையில் காட்டும் பூச்சாண்டி என்பதற்கு மேல் நன்மை எனக்குத் தெரியவில்லை.

விலகுவோர் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர்களுடைய வலுவான வாதம் பணத்தைப் பற்றியது அல்ல. வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று பேருந்தில் எழுதிக் காட்டினார்கள். 1984-ல் பிரதமர் மார்கரெட் தாட்சர் வாங்கிய தள்ளுபடியையும் திரும்பி வரும் நிதியையும் கழிக்காத தொகை அது. மறுபக்கம், பிரிட்டனின் வரவுசெலவுக் கணிப்பு அலுவலகம், விலகலால் நீண்டகால உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்று மதிப்பிடுகிறது. உறுப்பினர் கட்டணம் இதன் அருகில் கூட வராது. வலுவான வாதம் வேறு: நம்மை ஆளும் விதியை எழுதுபவரை நாம் தேர்தலில் இறக்க முடியுமா? ஒன்றியத்தில் பல விஷயங்கள் 55 சதவீத நாடுகள், 65 சதவீத மக்கள்தொகை என்ற பெரும்பான்மையில் முடிவாகின்றன. உங்கள் நாடு முழுவதும் எதிர்த்தாலும் விதி வந்துவிடலாம். 2015 ஜூலை 5 அன்று கிரேக்கத்தில் 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை மறுத்தார்கள். ஒரு வாரம் கழித்து அரசு அதைவிடக் கடுமையானதை ஏற்றது. அதைப் பார்த்தபோது எனக்கும் வயிறு கலங்கியது. கிரேக்கம் போல யூரோ என்ற பொது நாணயத்துக்குள் போன நாட்டுக்கு விலகும் வாசல் பெயரளவில்தான் இருக்கிறது.

விலகி நன்றாக இருந்தவர்களும் உண்டு. சிலி 1976-ல் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை நாடுகள் சேர்ந்த ஆண்டியன் ஒப்பந்த அமைப்பிலிருந்து வெளியேறியது. அந்த அமைப்பு அன்று உயர்ந்த பொது வரிச்சுவரையும் அந்நிய முதலீட்டுக்குக் கடும் கட்டுப்பாட்டையும் விரும்பியது. சிலி வரியைக் குறைத்து உலகத்துக்கே கதவு திறக்க நினைத்தது. ஒன்றியம் தன்னை மூடிக்கொண்டு, உங்கள் சரக்கு பெரும்பாலும் வேறு திசையில் போகும்போது, விலகல் கணக்குக்கு ஒத்துவரும். அன்றைய சிலியில் ராணுவ ஆட்சி. மக்களிடம் கேட்டு எடுத்த முடிவல்ல என்பதையும் மறைக்கக் கூடாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி, புர்கினா ஃபாஸோ, நைஜர் மூன்றும் 2025 ஜனவரி 29 முதல் அந்தப் பிராந்திய நாடுகளின் பொருளாதாரக் கூட்டான 'எகோவாஸ்' அமைப்பில் இல்லை. ராணுவ ஆட்சிகளை அந்த அமைப்பு கண்டித்ததும், நைஜர் மீது தடை விதித்ததும், படை அனுப்புவோம் என்றதும் உடனடிக் காரணங்கள். பிராந்திய அமைப்பு தன் வழியை அடைத்துவிட்டது என்ற கோபம் அங்குள்ள சாதாரண மக்களிடமும் இருந்தது. ஆனால் மூன்றுக்கும் கடற்கரை இல்லை. கப்பல் சரக்கு அபிட்ஜான், லோமே, கோட்டனு, டாக்கர் போன்ற அண்டை நாட்டுத் துறைமுகங்கள் வழியாகத்தான் வர வேண்டும். பொது நாணயமான சி.எஃப்.ஏ. பிராங்கை விட்டும் அவர்கள் வரவில்லை. அரசியலில் வெளியேறி, பணத்தில் தங்கிவிட்டார்கள். கடல் இல்லாத நாட்டுக்கு அண்டை நாட்டோடு உறவு விருப்பம் சார்ந்ததல்ல, தண்ணீர் போன்றது.

குடியேற்றம் பற்றி ஒரே வார்த்தை. பிரிட்டனில் விலகலுக்கு வாக்களித்த பலர் வெளியாள் வரத்து குறையும் என்று நினைத்தார்கள். ஐரோப்பாவிலிருந்து வருவது குறைந்தது. மற்ற நாடுகளிலிருந்து வருவது பெருகி, 2023-ல் நிகர எண்ணிக்கை ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியது. அந்தக் கட்டுப்பாடு கையில் வந்தது உண்மை. மருத்துவமனைக்கும் முதியோர் இல்லத்துக்கும் ஆள் தேவைப்பட்டபோது அரசு அதைத் தளர்த்தும் பக்கம்தான் திருப்பியது.

இன்னொரு பாரம் தராசில் வைக்கப்படுவதே இல்லை. இருப்பவர் நாளை விலகலாம், விலகியவர் நாளை அதே இடத்துக்குத் திரும்ப முடியாது. பிரிட்டன் உள்ளே இருந்தபோது யூரோவிலிருந்து விலக்கு, எல்லையற்ற ஷெங்கன் பகுதியிலிருந்து விலக்கு, கட்டணத்தில் தள்ளுபடி என மூன்று சலுகைகளைக் கையில் வைத்திருந்தது. திரும்பிப் போக எல்லா உறுப்பு நாடுகளின் சம்மதமும் வேண்டும், பழைய சலுகைகளுக்கு உத்தரவாதம் இல்லை. மொராக்கோ 1984-ல் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பைக் கோபித்துக்கொண்டு விட்டது. 2017-ல், அதன் இடத்தில் வந்த ஆப்பிரிக்க ஒன்றியத்துக்குத் திரும்பும்வரை 33 ஆண்டுகள், தன்னைப் பற்றிய விவாதங்கள் நடந்த அறைக்கு வெளியே இருந்தது.

என் முடிவைக் கேட்டால்: சரக்கில் பாதிக்கு அருகில் ஒன்றியத்துக்குள்ளேயே விற்கும் நாடு, நில எல்லை உள்ள நாடு, கடல் இல்லாத நாடு, பொது நாணயத்தில் இருக்கும் நாடு ஆகியவை உள்ளே இருந்து சண்டை போடுவதே மேல். ஒன்றிரண்டு வளங்களை நம்பி வாழும் சிறு நாடு, அல்லது ஒன்றியமே தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பும் இடத்தில் இருக்கும் நாடு விலகலாம், வாசலைத் தேர்ந்துகொண்ட பிறகு.

வாசலை முதலில் தேர்வது நடைமுறையில் முடியாததல்ல. பிரிட்டன் வாக்களிப்பதற்குச் சற்று முன்புதான் நியூசிலாந்து தன் கொடியை மாற்றலாமா என்று மக்களிடம் கேட்டது. 2015 இறுதியில் நடந்த முதல் சுற்றில், மாற்றுவதானால் எந்தக் கொடி என்று ஐந்து வடிவங்களில் ஒன்றைத் தேர்ந்தார்கள். 2016 மார்ச்சில் அந்த ஒன்றையும் பழைய கொடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். 56.6 சதவீதம் பேர் பழையதே போதும் என்றார்கள். எதை விட்டு எதற்குப் போகிறோம் என்பதில் யாருக்கும் குழப்பம் இல்லை.

கிரீன்லாந்தையும் பாருங்கள். ஏறக்குறைய 50 ஆயிரம் மக்கள், முக்கியச் சரக்கு மீன் ஒன்றே. டென்மார்க்கோடு சேர்ந்து 1973-ல் உள்ளே இழுக்கப்பட்டவர்கள், 1982 பிப்ரவரியில் 53 சதவீத வாக்கோடு வெளியேற முடிவெடுத்தார்கள். யார் எங்கே மீன் பிடிக்கலாம், அதற்கு ஐரோப்பா எவ்வளவு பணம் தரும், கிரீன்லாந்து மீன் வரியின்றி எப்படி உள்ளே போகும் என்று பேசி முடிக்கவே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் பிடித்தன. 1985 பிப்ரவரி 1 அன்றுதான் வெளியேறினார்கள். ஆறு கோடிக்கும் மேற்பட்ட மக்கள், காரும் வங்கியும் மருந்தும் விமானமும் சிப்பியும் என்று ஆயிரம் சரக்குகள், நிலத்தில் ஓர் எல்லை. இத்தனையும் உள்ள பிரிட்டனுக்கு ஒன்றிய உடன்படிக்கையின், விலகும் முறையைச் சொல்லும் 50-ஆம் பிரிவு கொடுத்த காலம் இரண்டு ஆண்டுகள். எந்த வாசல் என்று முடிவெடுக்காமலே, 2017 மார்ச் 29 அன்று அந்தக் கடிகாரத்தை அவர்களே முடுக்கிவிட்டார்கள்.